சுருதி நகரும் இருபது வினாடிகள்: ராவெலின் ‘பொலேரோ’

கர்நாடக இசை கேட்டுப் பழகிய நண்பர்களுக்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் ராவெலின் ‘பொலேரோ’ என்னும் ஆர்க்கெஸ்ட்ரா இசையை அறிமுகப்படுத்தும்போதெல்லாம், அதைச் சுருதிப் பெட்டியோடு சேர்த்துக் கேட்கும்படி சொல்வது என் வழக்கம். பெட்டியை ஒரு கட்டையில் (மேற்கத்தியர் C என்று சொல்லும் சுருதியில்) ச-ப-ச என்று வைத்து, அதன் ஒலியைக் குறைத்துக்கொண்டு, பதிவை ஓடவிட வேண்டும். பதிவுக்குப் பதிவு சுருதி இழையளவு வேறுபடும் என்பதால் பெட்டியின் நுண்திருகைச் சற்றே திருப்ப வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான். காதில் விழுகிறதா இல்லையா என்ற அளவில் ஒரு டிரம் தொடங்கும். அதன் மேல் ஒரு புல்லாங்குழல் மெட்டு எழும். ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று நம் வீட்டுச் சுருதிப் பெட்டியோடு பதின்மூன்று நிமிடத்துக்கும் மேலாகப் பிசகாமல் ஒத்துப்போவதைக் கேட்பதே முதலில் வியப்பாக இருக்கும். பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பெட்டி அபஸ்வரமாகிவிடும். பெட்டி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் காலூன்றி நின்ற நிலத்தை விட்டு வேறொரு நிலத்துக்கு ஏறிவிட்டது. சுமார் இருபது வினாடி கழித்து இரண்டும் மறுபடி சேரும். அடுத்த பதினைந்து வினாடிக்குள் இசையே இடிந்து முடிந்துவிடும்.

‘பொலேரோ’ மொத்தம் 340 பார்களைக் கொண்டது. பார் என்பது மேற்கத்திய இசையின் கால அலகு. நம் ஆவர்த்தனத்தைப் போன்றது, இங்கே அதற்கு மூன்று எண்ணிக்கை. 326 பார்கள் வரை ஒரே ஆதார ஷட்ஜம், அதாவது ஒரே ச. 327-ஆவது பாரில் சுருதி நகர்கிறது. 335-ஆவது பாரில் திரும்பி வருகிறது. நடுவில் இருப்பவை எட்டே பார்கள். ஒரு வாத்திய இசைப் படைப்பின் இயல்பையே ஒரு சிறு கணம் மாற்றிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் இந்தப் படைப்பில் மற்ற அனைத்தும் கூடுகின்றன, வளர்கின்றன, பெருகுகின்றன. இந்த ஓரிடத்தில் மட்டுமே ஏதோ ஒன்று மாறுகிறது.

இது உருவான கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரஷ்யப் பேரரசில் பிறந்து பாரிஸில் தனக்கென ஒரு நடனக் குழுவை நடத்திவந்த இடா ரூபின்ஸ்டைன், ஸ்பானிய இசையமைப்பாளர் அல்பேனிஸின் பியானோப் படைப்புகள் சிலவற்றை நடனத்துக்காக ஆர்க்கெஸ்ட்ரா வடிவில் அமைத்துத் தரும்படி ராவெலைக் கேட்டார். அந்த உரிமை ஏற்கெனவே என்ரிக்கே ஆர்போஸ் என்னும் ஸ்பானிய ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநரிடம் இருந்தது தெரியவந்ததும், ராவெல் தானே புதிதாக ஒன்றை எழுதிவிடுவது என்று முடிவு செய்தார். 1928-ஆம் ஆண்டின் கோடையில், தான் பிறந்த பாஸ்க் கடற்கரைப் பகுதியில் விடுமுறையில் இருந்தபோது, ஒரு நாள் காலை நீந்தக் கிளம்பும் முன் பியானோவில் ஒற்றை விரலால் ஒரு மெட்டை வாசித்துக் காட்டினாராம். இந்த மெட்டுக்கு ஒரு விடாப்பிடித்தனம் இருக்கிறது, இதை எந்த வளர்ச்சியும் இல்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லி, ஆர்க்கெஸ்ட்ராவை மட்டும் படிப்படியாகப் பெருக்கிக்கொண்டே போகப்போகிறேன் என்பதுதான் அவர் அன்று நண்பர் குஸ்தாவ் சமாசூயிடம் சொன்னதன் சாரம். அதே ஆண்டு நவம்பர் 22 அன்று பாரிஸ் ஓபராவில் படைப்பு அரங்கேறியது.

ராவெலின் தந்தை ஒரு பொறியியலாளர். ராவெலுக்குத் தொழிற்சாலைகளின் மீது வாழ்நாள் முழுவதும் ஈர்ப்பு இருந்தது. ‘பொலேரோ’வின் நடனத்துக்கு ஒரு தொழிற்சாலையையே பின்புலமாக அவர் மனத்தில் கண்டார். இதை வெறும் வாழ்க்கைக் குறிப்பாக நான் சொல்லவில்லை. இந்த இசையின் முதல் 326 பார்களும் உண்மையிலேயே ஓர் இயந்திரத்தைப்போல ஓடுகின்றன. அந்த ஓட்டத்தின் உறுப்புகளைச் சற்று அருகில் சென்று பார்த்தால்தான் 327-ஆவது பாரில் என்ன நடக்கிறது என்பது விளங்கும்.

முதல் உறுப்பு டிரம். ஸ்னேர் டிரம் கலைஞர் இரண்டு பார் நீளமுள்ள ஒரே ஒரு தாளக் கோவையை வாசிக்கிறார். முதல் பாரில் பத்து அடி, இரண்டாம் பாரில் பதினான்கு அடி, ஆக இருபத்து நான்கு. முதல் பாரின் முடிவில் இரண்டு நிதானமான அடிகள் விழும். இரண்டாம் பாரின் முடிவில் அதே இடத்தில் மும்மூன்றாகச் சிறு அடிகள் உருண்டோடி அடுத்த சுற்றுக்குள் தள்ளிவிடும். ஒவ்வொரு கோவையும் தன் வாலிலேயே அடுத்ததன் தலையை வைத்திருக்கிறது. இப்படி 169 முறை. அதாவது 4,056 அடிகள், ஒரே வேகத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில் கொஞ்சம் கொஞ்சமாக வலுவைக் கூட்டிக்கொண்டே. ஒரு மிருதங்கக் கலைஞருக்கு இதைப் படித்தால் இது ஒரு தண்டனையாகத் தோன்றக்கூடும். எந்த நடையும் மாறாது, முத்தாய்ப்பாக எந்த மோராவும் கிடையாது, தனி ஆவர்த்தனம் என்ற பேச்சே இல்லை. ஆனால் உலக மேடைகளில் தாளக் கலைஞர்கள் மிகவும் அஞ்சும் பகுதிகளில் இதுவும் ஒன்று. மறைந்துகொள்ள இடமே இல்லாததால்.

இரண்டாவது உறுப்பு அடிநாதம். வியோலாக்களும் செல்லோக்களும் வில்லை வைத்துவிட்டு விரலால் தந்தியைச் சுண்டித் தொடங்கும் இந்த அடித்தளம் ச, ப என்ற இரண்டு ஸ்வரங்களின் மீதே நடக்கிறது. போகப் போக வேறு வாத்தியங்களும் அதில் சேர்ந்துகொள்ளும், ஒலி தடிக்கும், ஆனால் நடை பாதை மாறாது. சுருதிப் பெட்டி அவ்வளவு நேரம் ஒத்துப்போவது இதனால்தான். ஆர்க்கெஸ்ட்ராவுக்குள்ளேயே ஒரு சுருதிப் பெட்டி இருக்கிறது.

மூன்றாவது, மெட்டு. மெட்டுகள் இரண்டு, இரண்டும் பதினாறு பார் நீளம். முதல் மெட்டு பியானோவின் வெள்ளைக் கட்டைகளுக்குள்ளேயே, அதாவது நம் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களுக்குள்ளேயே அலைகிறது. கமகமோ பிடிகளோ இல்லாததால் அதைச் சங்கராபரணம் என்று சொல்லக் கூடாது. ஸ்வரங்களின் உறவு மட்டும்தான். இரண்டாவது மெட்டு இருள் படிந்தது. தாழ்ந்த நி-யான கைசிகி நிஷாதம் வருகிறது, மேல் ஸ்தாயியில் தாழ்ந்த ரி-யான சுத்த ரிஷபம் திரும்பத் திரும்ப அழுத்தப்படுகிறது, கீழே வருந்தி இறங்குகிறது. அந்தச் சுத்த ரிஷபத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் அது மறுபடி வரும்.

வரிசையும் முக்கியம். முதல் மெட்டு இரண்டு முறை, இரண்டாவது மெட்டு இரண்டு முறை. இப்படி நான்கு தடவை சுழல்கிறது. ஒவ்வொரு முறையும் வாத்தியம் மட்டும் வேறு. முதலில் புல்லாங்குழல், அடுத்து கிளாரினெட், பிறகு தன் இயல்பான எல்லைக்கு மேலே ஏறி மூச்சுப் பிடித்துப் பாடும் பசூன், பின்னர் சிறிய கிளாரினெட், ஓபோ குடும்பத்தைச் சேர்ந்த ஓபோ தாமோர், ஒலியடைப்பான் மாட்டிய டிரம்பெட்டும் புல்லாங்குழலும் சேர்ந்து ஒரு சுற்று, சாக்ஸபோன்கள் இரண்டு சுற்று. டிரோம்போன் தனியாக வரும் பதினொன்றாவது சுற்றில், குடித்துவிட்டு வந்த ஒருவன் மிகுந்த கவனத்தோடு நடப்பதுபோல ஸ்வரங்களுக்கு இடையே வழுக்கி வழுக்கிச் செல்லும் அழகுக்காகவே பலர் காத்திருப்பார்கள். வயலின்கள் வில்லோடு மெட்டுக்குள் நுழையவே பதின்மூன்றாவது சுற்று ஆகிவிடுகிறது. இத்தனைக்கும் ஸ்வரம் ஒன்றும் மாறவில்லை, தாளம் மாறவில்லை, வேகம் மாறவில்லை, அடிநாதம் மாறவில்லை.

இவ்வாறு பதினாறு சுற்றுகள் முடிந்த பிறகு ஒரு சிறிய கோணல் நிகழ்கிறது. முதல் முறை கேட்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பதினேழாவது சுற்றில் முதல் மெட்டு ஒரே முறை வருகிறது. வழக்கப்படி மறுபடி வர வேண்டிய இடத்தில் இரண்டாவது மெட்டு தொடங்கிவிடுகிறது. இரட்டை இரட்டையாக அடுக்கப்பட்ட செங்கல் வரிசையில் ஒரு கல் குறைகிறது. காது இதை அறிவால் கணக்கிடாவிட்டாலும், ஏதோ அவசரம் வந்துவிட்டது என்பதை உடல் உணர்கிறது. அந்தப் பதினெட்டாவது சுற்றின் முடிவில்தான், மெட்டு முன்புபோல அடங்கி அடுத்த சுற்றுக்குக் காத்திருக்காமல், 327-ஆவது பாரில் ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் மூன்று கட்டைக்கு ஏறிவிடுகிறது.

ஒரு கட்டையிலிருந்து மூன்று கட்டை. அதாவது ஷட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம், சங்கராபரணத்தில் வரும் க. திரையிசைப் பதிவுகளில் வாசிப்பவர்கள் இதை ஸ்கேல் மாற்றம் என்பார்கள்; அன்றாடம் செய்கிற வேலை. மேற்கத்திய சாஸ்திரிய இசையில் அது இன்னும் அன்றாடமானது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளின் சிம்பொனிகளில் இசை தொடங்கிச் சில நிமிடங்களுக்குள்ளேயே சுருதி நகர்ந்து, பெரும்பாலும் பஞ்சமத்துக்குப் போய், அங்கே ஒரு புது மெட்டைச் சந்தித்து, பல இடங்கள் சுற்றி வீடு திரும்பும். அந்தப் பயணமே படைப்பின் கதை. 1928-இல் பாரிஸில் அமர்ந்திருந்த கேட்பவர்களுக்கு அது மூச்சு விடுவதுபோல இயல்பான ஒன்று. ராவெல் அதைப் பதின்மூன்று நிமிடத்துக்கும் மேலாக அவர்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார். எனவே அவர்களுக்கு 327-ஆவது பார் என்பது நெடுநேரம் அடக்கப்பட்ட மூச்சின் விடுதலை.

நமக்கு அது வேறு வழியாக வந்து சேர்கிறது. தம்புராவுக்குப் பழகிய காதுக்கு, கச்சேரியின் நடுவே கட்டை மாறுவது என்பது கற்பனைக்கே எட்டாதது. பாடகர் எவ்வளவு தூரம் பறந்தாலும் ச அங்கேயே இருக்கும் என்ற உறுதியின் மீதுதான் நம் மனோதர்மமே நிற்கிறது. ஆகவே ‘பொலேரோ’வின் முதல் 326 பார்கள் நமக்கு மிகவும் சொந்தமான இடமாகத் தோன்றுகின்றன, பிறகு அந்த இடம் காலுக்குக் கீழிருந்து உருவப்படுகிறது. பாரிஸ்காரருக்குத் திறந்த கதவு நமக்கு இடிந்த சுவர். இரண்டு காதுகளும் அதிர்வது ஒரே கணத்தில்.

நம் இசையில் இதற்கு மிக அருகில் வருவது கிரக பேதம். வீணையிலோ வயலினிலோ ஒரு கலைஞர் சங்கராபரணம் வாசித்துக்கொண்டே வந்து, காந்தாரத்தில் நின்று, அதையே ஷட்ஜம்போலப் பாவித்து, அதே ஸ்வரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தால், சில வினாடிகளுக்குத் தோடி ராகம் தோன்றி மறையும். அரங்கில் ஒரு சிலிர்ப்பு ஓடும், அதற்குள் அவர் வீடு திரும்பிவிடுவார். ராவெல் போவதும் அதே காந்தாரத்துக்குத்தான் என்பதால் இந்த ஒப்பீடு பொருந்துகிறது. ஆனால் நடப்பது நேர் எதிரானது. கிரக பேதத்தில் ஸ்வரங்களும் தம்புராவும் அப்படியே இருக்கின்றன, கேட்பவரின் மனம் மட்டும் இடம் மாறுகிறது. ‘பொலேரோ’வில் வீட்டைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போய்க் காந்தாரத்தின் மேல் வைக்கிறார்கள். புதிய ஷட்ஜத்துக்குரிய ரி, க, ம, ப, த, நி அனைத்தும் அதனோடு கூடவே வருகின்றன.

இதனால் விளைவது என்ன என்பதை ஒரு ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து பார்த்தால் தெளிவாகிவிடும். ஒரு கட்டையிலிருந்து ஏழு வெள்ளைக் கட்டைகளையும் வரிசையாக அழுத்துங்கள். இப்போது மூன்றாவது வெள்ளைக் கட்டையை ச என்று வைத்து அதே சங்கராபரண வரிசையை வாசியுங்கள். நான்கு கறுப்புக் கட்டைகள் தேவைப்படும். பழைய வெள்ளைக் கட்டைகளில் மூன்று மட்டுமே மிஞ்சும். மிஞ்சுபவை பழைய காந்தாரம், தைவதம், நிஷாதம். விடைபெற்றுப் போனவற்றில் இரண்டு, பழைய ஷட்ஜமும் பழைய பஞ்சமமும். சற்றே நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. பதின்மூன்று நிமிடத்துக்கும் மேலாக அடிநாதம் எந்த இரண்டு ஸ்வரங்களின் மீது மட்டும் நடந்ததோ, அந்த இரண்டும் புதிய நிலத்தில் இல்லவே இல்லை. நம் முறையில் ச-வும் ப-வும் அசையாத ஸ்வரங்கள், அசல ஸ்வரங்கள். அவை இரண்டுமே இல்லாமல் போவதற்கு நம்மிடம் பெயர்கூட இல்லை. வழக்கமான பாதையில், அதாவது பஞ்சமத்துக்கு, ராவெல் சுருதியை நகர்த்தியிருந்தால் ஆறு வெள்ளைக் கட்டைகள் மிஞ்சியிருக்கும், ச-வும் ப-வும் இருந்திருக்கும், சுருதிப் பெட்டி ஓரளவு சமாளித்திருக்கும். அது இடம் மாறியதாகத் தோன்றுமே தவிர, நிலம் பெயர்ந்ததாகத் தோன்றாது.

அப்படியானால் இது எங்கிருந்தோ வந்து விழுந்த ஒன்றா? முற்றிலும் அப்படியல்ல என்பது என் எண்ணம். ஒன்பதாவது சுற்றில், படைப்பின் ஏறக்குறைய பாதியில், ஒரு விசித்திரமான ஒலி வருகிறது. ஹார்னும் மணி ஒலிபோல் ஒலிக்கும் செலஸ்டாவும் மெட்டை ஒரு கட்டையில் வாசிக்க, பிக்கலோக்கள் எனப்படும் இரண்டு சிறிய புல்லாங்குழல்கள் அதே மெட்டை அதே நேரத்தில் மிக உயரத்தில், ஒன்று மூன்று கட்டையிலும் மற்றொன்று ஐந்து கட்டையிலும் வாசிக்கின்றன. தாளில் பார்த்தால் மூன்று சுருதிகள் மோதிக்கொள்ள வேண்டும். காதில் விழுவதோ ஒரு பழைய பைப் ஆர்கனின் ஒற்றைக் குரல்போல இருக்கும். காரணம் இயற்பியல். எந்த ஒரு நாதத்துக்குள்ளும் அதன் மேல்நாதங்கள் மெல்லியதாக ஒலித்துக்கொண்டிருக்கின்றன; அவற்றில் மூன்றாவது பஞ்சமம், ஐந்தாவது அந்தர காந்தாரம். ராவெல் அந்த மறைந்த நாதங்களை எடுத்துப் பிக்கலோக்களின் கையில் கொடுத்துவிட்டார்.

நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவைக் காதருகே வைத்துக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தந்திகள் நான்கும் ப, ச, ச, ச என்றுதான் மீட்டப்படுகின்றன. யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் தானாக எழும். சுயம்பு காந்தாரம் என்று நம்மவர்கள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆக, 327-ஆவது பாரில் ஆர்க்கெஸ்ட்ரா ஏறி நிற்கிற அந்தக் காந்தாரம், முதல் பாரிலிருந்தே ச-வுக்குள் இருந்தது. ஒன்பதாவது சுற்றில் ஒருமுறை பிக்கலோவின் மெல்லிய குரலில் தலைகாட்டிவிட்டு மறைந்தது. ராவெல் இதைத் திட்டமிட்டு ஒன்றோடொன்று இணைத்தார் என்று நான் வாதிடவில்லை. ஆனால் இருபது வருடமாகக் கேட்டுவரும் என் காதுக்கு, அந்தக் கணம் எதிர்பாராததாகவும் அதே சமயம் நியாயமானதாகவும் படுவதற்கு இதைவிட நல்ல காரணம் அகப்படவில்லை.

இசையின் வேகத்தைப் பற்றி ராவெல் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பதும் இங்கிருந்து பார்த்தால் புரிகிறது. அச்சுப் பிரதியில் நிமிடத்துக்கு 72 எண்ணிக்கை என்று இருக்கிறது. அவரே நடத்தி 1930-இல் பதிவான இசைத்தட்டில் இன்னும் சற்று நிதானமாகவே செல்கிறது. அதே ஆண்டு மே மாதம் பாரிஸில் இத்தாலிய நடத்துநர் ஆர்துரோ தோஸ்கனினி தன் நியூயார்க் குழுவோடு வந்து இதை மிக விரைவாக நடத்தியபோது, அரங்கம் ஆர்ப்பரித்தது, ராவெல் கோபமடைந்தார். இது ஓர் இசையமைப்பாளரின் வீம்பு என்று பலரும் எழுதிவிட்டார்கள். நான் ராவெலின் பக்கம். வேகம் கூடிக்கொண்டே போனால், முடிவு என்பது அந்த வேகத்தின் விளைவாகத் தோன்றும். ஓடி ஓடிக் களைத்து விழுந்ததாகத் தோன்றும். வேகம் ஓர் இம்மிகூட மாறாதபோதுதான் சுருதி மாறுவது ஒன்றே நிகழ்ச்சியாகிறது. அந்த எட்டுப் பார்களிலும் டிரம் தன் இருபத்து நான்கு அடிகளைத் தான் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருப்பதைக் கவனித்தால் இது விளங்கும். ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் மலையேறும் நேரத்திலும் டிரம்காரருக்கு அது மற்றுமொரு பார்.

இன்னொரு கருத்தையும் இங்கே எதிர்கொள்ள வேண்டும். தன் கடைசி ஆண்டுகளில் ராவெல் ஒரு மூளை நோயால் எழுதவும் பேசவும் முடியாமல் துன்பப்பட்டு 1937 டிசம்பர் 28 அன்று இறந்தார். ‘பொலேரோ’வின் இடையறாத திரும்பச் சொல்லல் அந்த நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. இதற்குப் பிறகுதான் அவர் இரண்டு பியானோ கன்செர்டோக்களை, அதாவது பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை, எழுதினார். அவற்றில் ஒன்று இடக்கைக்கு மட்டுமானது, இரண்டுமே பல்வேறு எண்ணங்கள் நிரம்பியவை. அதைவிட முக்கியமாக, திரும்பச் சொல்வதை நிறுத்த முடியாத ஒரு மனம் 326 பார்கள் வரை எண்ணிப் பார்த்து, ஒரு கல்லை மட்டும் உருவி, எட்டே பார்களுக்குச் சுருதியை நகர்த்தி, ஆறே பார்களில் முடிக்காது. அங்கே இருப்பது ஒரு கடிகாரக்காரரின் கை.

தன் படைப்பில் இசையே இல்லை, ஒலியின் நெசவு மட்டுமே இருக்கிறது என்ற பொருளில் ராவெலே பலமுறை பேசியிருக்கிறார். ஒரு நீண்ட, படிப்படியான ஒலிப்பெருக்கம், அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்பதுதான் அவர் கூற்று. ஒலிப்பெருக்கத்துக்கு ஓர் இயல்பான சிக்கல் உண்டு. வளர்வது எப்படி என்று அதற்குத் தெரியும், முடிவது எப்படி என்று தெரியாது. பதினெட்டாவது சுற்றில் எல்லா வாத்தியங்களும் உச்ச ஒலியில் இருக்கின்றன; இனிச் சேர்க்க ஆளில்லை, கூட்ட ஒலியில்லை. அப்படியே நிறுத்தினால் அது முடிவாகாது. நான் ஒருமுறை கணினியில் அந்த எட்டுப் பார்களை வெட்டி எடுத்துவிட்டு, 326-ஆவது பாரின் நுனியை 335-ஆவது பாரின் தலையோடு ஒட்டிக் கேட்டேன். எட்டு என்பது இரண்டிரண்டாகப் பிரிவதால் டிரம்மின் கோவை துளியும் பிசகாமல் பொருந்திக்கொண்டது; வெட்டிய தழும்பே தெரியவில்லை. ஆனால் முடிவு முடிவாக இல்லை. ஓடிக்கொண்டிருந்த ஆலையில் மின்சாரம் போனதைப்போல இருந்தது. பதினைந்து நிமிடம் கேட்ட பிறகும் இன்னும் நாலு சுற்று பாக்கி இருப்பதாகவே மனம் நம்பியது. எட்டுப் பார்களையும் திரும்ப அதனிடத்தில் வைத்துக் கேட்டதும் முடிவு தன் எடையோடு வந்து விழுந்தது. புறப்பட்டுப் போக முடியும் என்று ஒருமுறை காட்டிவிட்டதால்தான், திரும்பி வருவது என்பதற்கே பொருள் கிடைக்கிறது. 326 பார்கள் வரை ச என்பது இருந்த இடம், அவ்வளவுதான். 335-ஆவது பாரில்தான் அது வந்து சேர்ந்த இடமாகிறது.

வந்து சேர்ந்த பிறகு நடப்பவை ஆறு பார்கள். மேடையின் பின்வரிசையில் அதுவரை ஓர் அடிகூட அடிக்காமல் உட்கார்ந்திருக்கும் சிலர் இருக்கிறார்கள்: பெரிய பேஸ் டிரம், சிம்பல் தட்டுகள், காங். ஒலியைப் பெருக்குவதற்கென்றே ஓர் இசையை எழுதியவர், ஆர்க்கெஸ்ட்ராவிலேயே மிக ஓசையான இந்த மூன்றையும் 334 பார்கள் வரை தொடவில்லை. நேரில் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால், சுருதி மூன்று கட்டையில் நிற்கும் அந்த இருபது வினாடியில் கண்ணைப் பின்வரிசைக்குக் கொண்டுபோக வேண்டும். சிம்பல் தட்டுகள் மேலே உயரும். சுருதி வீடு திரும்புகிற அதே அடியில் அவை மோதும். டிரோம்போன்களும் சாக்ஸபோன்களும் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு ஊளையிட்டு வழுக்க, ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் மெட்டை விட்டுவிட்டு, ஒற்றை டிரம் முதல் பாரிலிருந்து சொல்லிவந்த அந்தத் தாளத்தை ஒன்றாகச் சேர்ந்து அடிக்கிறது.

கடைசியில் எல்லோரும் ஒரு கரடுமுரடான ஒலிக்கூட்டில் வந்து முட்டி நிற்கிறார்கள். அதன் அடியில் இருப்பது சுத்த ரிஷபம், இரண்டாவது மெட்டில் மேலே நின்று வருந்திய அதே ஸ்வரம். பெட்டியின் ச-வுக்கு அரைக் கட்டை மேலே நின்று அது ஒரு கணம் உரசுகிறது, அடுத்த கணம் அந்த ச-வின் மீதே விழுகிறது. பெட்டி ஒலித்துக்கொண்டிருக்கிறது.